மின்கம்பிக்கும் கடைமடை உண்டு: டெல்டா மின் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மின்பகிர்மானப் பொறியாளர்களுக்கும், பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர்களுக்கும், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன்களுக்கும்,

வணக்கம்.

மின்வாகனம் என்றதும் மெகாவாட் கணக்கில்தான் பேச்சு தொடங்குகிறது. டெல்டாவில் சிக்கல் முளைக்கப்போவது அங்கே இல்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, கடைசிப் போஸ்ட்டில் சர்வீஸ் வயர் இறங்கும் வீட்டில்தான் முளைக்கும். கடைமடை என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்த தண்ணீர் அங்கே கடைசியாக, குறைவாக வந்து சேரும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்கு வரும் எல்.டி. (தாழ்வழுத்த) லைனுக்கும் அப்படியொரு கடைமடை இருக்கிறது. அங்கே குறைவது வோல்டேஜ்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வீசல் என்ற மெல்லிய அலுமினிய லைன் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு சுமார் 0.93 ஓம். 500 மீட்டர் லைனில் போக ஃபேஸ், வர நியூட்ரல் இரண்டும் சேர்ந்து 0.93 ஓம் ஆகிவிடும். லைன் முடியும் இடத்தில் ஒரு இ-ஆட்டோ 3.3 கிலோவாட்டில் சார்ஜ் ஏறினால் 14.3 ஆம்பியர் இழுக்கும். அந்த ஒரு வண்டியாலேயே 13.3 வோல்ட் விழுகிறது. 230 வோல்ட்டில் நமக்கு அனுமதி 6 சதவீதம், அதாவது 13.8 வோல்ட். வேறு எந்த வீட்டிலும் ஒரு பல்புகூட எரியாதபோதே அனுமதி ஏறக்குறைய முழுக்கத் தீர்ந்துபோகிறது. அதே இடத்தில் 7.2 கிலோவாட் கார் சார்ஜர் என்றால் 31 ஆம்பியர், 29 வோல்ட் வீழ்ச்சி. மிஞ்சுவது 201. நியூட்ரல் கம்பி ஃபேஸைவிட மெலிதாக இழுக்கப்பட்டிருக்கும் லைன்களில் நிலைமை இன்னும் மோசம். போதாததற்கு, வோல்டேஜ் குறைந்தால் குண்டு பல்பு இழுக்கும் கரண்ட்டும் குறையும்; பல சார்ஜர்கள் வாட்டைக் குறைக்காமல் கரண்ட்டைக் கூட்டி இழுக்கும். விழுந்த வோல்டேஜ் மேலும் விழும்.

இப்போது அதே கடைசிப் போஸ்ட்டில் ஒரு ஆட்டோவுக்குப் பதில் மூன்று ஆட்டோக்களை நிறுத்தி, மும்முனையின் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மூன்று கரண்ட்டும் சமம் என்பதால் நியூட்ரலில் திரும்பி வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஃபேஸிலும் வீழ்ச்சி 6.6 வோல்ட்தான். மூன்று வண்டி சேர்ந்து, ஒரு வண்டி தந்த தொல்லையில் பாதிதான் தருகிறது. பாரத் ஏ.சி.-001 என்ற சார்ஜர் தரம் இதற்கென்றே அமைந்தது: மும்முனை இணைப்பு உள்ளே, 3.3 கிலோவாட் சாக்கெட் மூன்று வெளியே. ஆட்டோ ஸ்டாண்டுக்கு மின்னிணைப்பு கேட்டு வந்தால் ஒருமுனை கொடுக்காதீர்கள். மும்முனை கொடுத்து, எந்த சாக்கெட் எந்த ஃபேஸ் என்று பெயின்டில் எழுதவையுங்கள்.

இதை நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் போர்வெல் மோட்டார்கள். பெரிய நகரங்களில் விவசாய மோட்டாரும் கார் சார்ஜரும் ஒரே டிரான்ஸ்பார்மரில் சந்திப்பது அபூர்வம். இங்கே பல ஊர்களில் வீடு, தெருவிளக்கு, ஊராட்சி மேல்நிலைத் தொட்டி மோட்டார், குறுவை நாற்றங்காலுக்கு இறைக்கும் 5 எச்.பி., 7.5 எச்.பி. மோட்டார் எல்லாம் ஒரே 63 அல்லது 100 கே.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்பார்மரில்தான் தொங்குகின்றன. 63 கே.வி.ஏ. என்றால் ஃபேஸுக்கு 84 ஆம்பியர், 100 என்றால் 133. மேலே சொன்ன 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரே ஃபேஸில் ஓடும்போது லைன் கோடியில் மும்முனை வோல்டேஜ் சமநிலை சுமார் 2 சதவீதம் கெடும். மோட்டாரின் கரண்ட்டில் அந்த ஏற்றத்தாழ்வு 6 முதல் 10 மடங்காகத் தெரியும். ஒரு ஃபேஸ் கரண்ட் குறையும், இன்னொன்று ஏறும், ஏறிய ஃபேஸின் காயில் சூடாகும். நாற்றங்கால் காயும் வாரத்தில் மோட்டார் எரிந்தால், விவசாயி மெக்கானிக்கைத் திட்டுவார், மெக்கானிக் லோ வோல்டேஜைத் திட்டுவார். பக்கத்துத் தெருவில் ராத்திரி முழுக்க ஓடிய சார்ஜரை யாரும் நினைக்க மாட்டார்கள். அதனால் ஒருமுனை இணைப்பில் 7.2 கிலோவாட் சார்ஜருக்கு அனுமதி கூடவே கூடாது.

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பு கேட்கலாம். கிராமப்புறத்தில் புது இணைப்பு தர 15 நாள்தான் கெடு. வயர் இழுத்து மீட்டர் மாட்ட அது போதும். லைன் கம்பியை வீசலிலிருந்து தடித்த ரேபிட் கம்பியாக மாற்றவோ, புது டிரான்ஸ்பார்மர் வைத்து எல்.டி. நீளத்தைக் குறைக்கவோ போதாது. எந்த லைன் தாங்கும், எது தாங்காது என்ற பட்டியல் விண்ணப்பம் வருவதற்கு முன்பே பிரிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

ஸ்கூட்டர்களைப் பற்றி எங்களுக்குப் பெரிய பயம் இல்லை. ஒரு சார்ஜர் 750 வாட் அளவில்தான். ஒரு தெருவில் 20 வண்டி என்றாலும், பிரித்துக் கொடுத்தால் ஃபேஸுக்கு 22 ஆம்பியர். ஆனால் எல்லோரும் வேலை முடிந்து வந்து 7 மணிக்கே செருகுவதுதான் தவறு. மே மாதத்தில் அதே நேரத்தில் ஏ.சி.யும் ஓடுகிறது. டிரான்ஸ்பார்மரின் உட்சுருள் 98 டிகிரியைத் தாண்டிய பின் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் உள்ளே இருக்கும் காகித இன்சுலேஷன் தேயும் வேகம் இரட்டிக்கிறது. 11 மணிக்கு மேல் செருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும் என்று மீட்டர் ரீடிங் எடுக்க வருபவரே வீட்டுக்கு வீடு சொல்லலாம். பீஸ் அடிக்கடி போகிறது என்று பீஸ்கட்டையில் இரண்டு கம்பியை முறுக்கிப் போடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அப்போது எரிவது பீஸாக இருக்காது, டிரான்ஸ்பார்மராகவே இருக்கும்.

நியூட்ரலும் எர்த்தும் தனிக் கவலை. நியூட்ரலை இணைக்கும் ஜம்பர் கம்பி விட்டுப்போனால் லோடு குறைந்த ஃபேஸில் இருக்கும் வீடுகளுக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் போகலாம். அங்கே செருகியிருக்கும் சார்ஜர் போர்டு பொசுங்கும். வேதாரண்யம், நாகூர், பூம்புகார் பக்கம் உப்புக்காற்றில் அலுமினியமும் தாமிரமும் சேரும் இணைப்பு சீக்கிரம் அரித்துப் பூத்துவிடும். அங்கே இரு உலோகத்துக்கும் ஏற்ற பைமெட்டாலிக் லக் (இணைப்பு முனை) இல்லாமல் எந்த இணைப்பும் வேண்டாம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் குழாயும் களர் மண்ணில் சீக்கிரம் அரிக்கும். எர்த் ரெசிஸ்டன்ஸை அளக்க மழை முடிந்த தை மாதம் போகாதீர்கள், மண் ஈரத்தில் எல்லாம் நன்றாகவே காட்டும். சித்திரையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

சார்ஜிங் இணைப்பைப் பரிசோதிக்கப் போகும்போது மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் முகத்தைப் பாருங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் ஒற்றை அலைக்கோடு மட்டும் வரைந்திருக்கும், அது ஏ.சி. டைப். வண்டிச் சார்ஜரில் நேர்மின்சாரம் கலந்து கசிந்தால் அது உணராது. அலைக்கோட்டின் கீழே பாதி அலைகளும் வரைந்திருந்தால் ஏ டைப். 30 மில்லிஆம்பியர், ஏ டைப், நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது, இதற்குக் குறைந்து ஏற்க வேண்டாம். சாக்கெட் தரையிலிருந்து 800 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் தெருக்களில் அதுவும் போதாது. அந்த ஊரின் வெள்ளக்கோடு சுவரில் எங்கே இருக்கிறதோ அதற்கு மேல் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு வாசலில் சார்ஜ் ஏற்றுவதைப் பார்த்தால் அப்போதே எச்சரியுங்கள். 15 ஆம்பியர் ஆறு மணி நேரம் விடாமல் ஓடினால் தளர்ந்த பிளக் பின் உருகும்.

2023-ன் தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 6 நகரங்களை முன்மாதிரியாக எடுத்தது. நமக்கு அருகில் திருச்சி மட்டும் அதில் உண்டு. தஞ்சாவூரும் கும்பகோணமும் இல்லை. ஆனால் நவக்கிரகக் கோயில்களைச் சுற்றும் கார்கள் முழுக்க நம் லைனில்தான் வந்து நிற்கும். திருநள்ளாறு மட்டும் காரைக்காலில் இருப்பதால் அங்கே மின்துறை வேறு. இரு பக்கமும் பேசி முடிவெடுக்க வேண்டும். 60 கிலோவாட் வேகச் சார்ஜர் ஒன்றை 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் மாட்ட நினைப்பதே தப்பு, அதற்குத் தனியாக 100 கே.வி.ஏ. வேண்டும். வேகச் சார்ஜர் நாகப்பட்டினம் சாலையிலும் விக்கிரவாண்டி சாலையிலும் இருக்கட்டும். கோயில் வாகன நிறுத்தத்தில் கார் இரண்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. அங்கே 7.2 கிலோவாட் சாக்கெட் ஆறு, ஃபேஸுக்கு இரண்டாகப் பிரித்து வைத்தால் மொத்தம் 43 கிலோவாட். ஒவ்வொரு காருக்கும் 14 யூனிட், ஏறத்தாழ 90 கி.மீ. ஓட்டம் கிடைக்கும். 2028-ல் கும்பகோணம் மகாமகம் வருகிறது. நிறுத்துமிடங்களுக்குக் கேபிள் புதைக்கும் வேலையைச் சாலை போடுவதற்கு முன்பே முடியுங்கள்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயலில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போயின. அடுத்த புயலில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் மின்சாரத்தில் ஓடுவனவாக இருக்கும். ஜெனரேட்டர் உள்ள கடலோரப் புயல் பாதுகாப்பு மையங்களில் 3.3 கிலோவாட் சாக்கெட் குறைந்தது மும்மூன்று, தனி சுவிட்சில், இப்போதே வையுங்கள்.

இவ்வளவுக்கும் முதல் வேலைக்குத் தேவை, கம்பியை வெட்டாமலே கரண்ட்டை அளக்கும் ஒரு டாங் டெஸ்டரும் ஒரு நோட்டும்தான். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் இரண்டு முறை போய் அளக்க வேண்டும்: மே மாத இரவு 10 மணிக்கு ஒருமுறை, ஜூன் மூன்றாம் வாரம் மோட்டார்கள் ஓடும் முற்பகலில் ஒருமுறை. ஆர், ஒய், பி, நியூட்ரல் நான்கு கரண்ட்டும், கடைசிப் போஸ்ட்டில் வோல்டேஜும். நியூட்ரல் கரண்ட் ஃபேஸ் கரண்ட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், சர்வீஸ்களை ஃபேஸ் மாற்றிக் கட்டிய பிறகே அந்த டிரான்ஸ்பார்மரில் புது சார்ஜருக்கு அனுமதி கொடுங்கள். அளந்த தேதியையும் எண்களையும் டிரான்ஸ்பார்மர் கம்பத்திலேயே எழுதி வையுங்கள், ஊர்க்காரர்களும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
டெல்டாவில் மின்வேலை தெரிந்தவர்கள் சிலர்