புரோட்டோகால் எழுதச் சொன்னார்களாமே

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஜெர்மன்காரர்களிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, மீட்டிங்குக்கு நீதான் புரோட்டோகால் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்றாய். கலெக்டர் ஆபீசில் புரோட்டோகால் பிரிவில் குப்பை கொட்டியவனிடம் கேட்டுவிட்டாய். சும்மா விடுவேனா?

பயப்படாதே. ஜெர்மன்காரர்கள் கேட்பது வெறும் மினிட்ஸ்தான். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், என்ன முடிவானது, அவ்வளவுதான். இந்தச் சொல்லின் பழைய அர்த்தத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். நம் ஆபீசில் புரோட்டோகால் என்றால் வருகிற பெரிய மனிதர்களுக்குக் கார், பூங்கொத்து, சர்க்யூட் ஹவுஸ் என்கிற அரசு விருந்தினர் விடுதியில் டிபன்.

கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்' என்றால் முதல், 'கொல்லா' என்றால் பசை. அந்தக் காலத்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாள்களை வரிசையாக ஒட்டிச் சுருளாக்குவார்கள். அந்தச் சுருளின் தலைமாட்டில் ஒட்டிய தாளுக்குத்தான் இந்தப் பெயர். கி.பி. 537இல் கிழக்கு ரோமாபுரியின் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி ஒரு சட்டம் போட்டார்: தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளில் பத்திரம் எழுதுகிறவர்கள் அந்த முதல் தாளை வெட்டி எடுக்கக் கூடாது. அதில் அப்போதைய கஜானா அதிகாரியின் பெயரும், சுருள் செய்த காலமும் இருக்கும். எவனாவது முன்தேதியிட்டுக் கள்ளப் பத்திரம் தயாரித்தால் மாட்டிக்கொள்வான். நாம் முத்திரைத் தாளைத் திருப்பி வெண்டர் சீலையும் தேதியையும் பார்க்கிறோமே, அதே வேலைதான்.

பிறகு பத்திரத்தின் மூலப்பிரதி, ஒப்பந்தத்தின் வரைவு என்று அந்தப் பெயர் நகர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் அது ராஜாங்க மரியாதை முறையாகிவிட்டது.

மரியாதைதானே என்று நினைக்காதே. 1661 செப்டம்பரில் லண்டனுக்கு ஸ்வீடன் தூதர் வந்தார். ஊர்வலத்தில் யார் வண்டி முந்துவது என்று பிரான்ஸ் தூதரின் ஆட்களும் ஸ்பெயின் தூதரின் ஆட்களும் தெருவில் வெட்டிக்கொண்டார்கள். குதிரைகள் செத்தன, மனிதர்களும் செத்தார்கள். குதிரை வாரை யாரும் அறுத்துவிடக் கூடாதென்று ஸ்பெயின்காரர்கள் தோலுக்குள் இரும்புச் சங்கிலி வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்! அன்று ஜெயித்தது அவர்கள்தான். ஆனால் பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி போருக்கே வருவேன் என்று மிரட்ட, ஸ்பெயின் இறங்கி வந்தது.

1815இல் வியன்னாவில் நாடுகள் கூடிய மாநாட்டில்தான் இதற்கு ஒரு வழி பிறந்தது. எந்த நாடு பெரியது என்ற பேச்சே வேண்டாம். சம அந்தஸ்துள்ள தூதர்களில், வந்து சேர்ந்ததை முறைப்படி முதலில் தெரிவித்தவருக்கே முன்னிடம். இதைவிட அழகான புரோட்டோகால் எனக்குத் தெரிந்து கிடையாது.

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அரசு விழாவில் யாருக்கு அடுத்து யார் என்று சொல்லும் 1979ஆம் வருஷத்து இந்திய அரசின் முன்னுரிமைப் பட்டியல் கிடக்கும். மொத்தம் 26 வரிசை. கலெக்டருக்கே அதில் இடமில்லை. ஆனால் குடியரசு தின மேடைக்கு முன்னால் நாற்காலி கேட்டு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. இந்த வரிசை அரசு விழாக்களுக்குத்தான், அன்றாட அலுவலுக்குப் பொருந்தாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. அந்த வரியை நான் படித்துக்காட்டும்போது மட்டும் யாருக்கும் காது கேட்காது.

உன் மினிட்ஸில் எல்லோர் பேச்சையும் எழுதிக்கொண்டிருக்காதே. முடிவு என்ன, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பது போதும். அனுப்புவதற்கு முன் ஒருவரிடம் காட்டிவிடு.

அம்மா பருப்புப் பொடி பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். புது வீட்டு முகவரியை வாட்ஸ்அப்பில் போடு.

அன்புடன்,
அப்பா