டிராய்க்கு மன்னிப்புக் கடிதம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அயல்நாட்டு நாடகம் ஒன்றுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையாளர் முடிவில் சொல்லும் யோசனைதான் தொண்டையில் சிக்குகிறது. தகப்பன் திருந்தாமலே செத்துப்போவதை நம் சனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். ஆகவே தமிழில் போடும்போது, மகனுக்கு அவர் எழுதிவைத்த மன்னிப்புக் கடிதம் ஒன்று சாவுக்குப் பிறகு கிடைப்பதுபோல் ஒரு காட்சியைச் சேர்த்துக்கொள்ளலாமாம்.

அந்தத் தகப்பன் டிராய் மாக்ஸனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, சொந்தத் தம்பியை மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவைத்த மனிதர் அவர். கடிதத்தை யாரை வைத்து எழுதினாராம்?

அது போகட்டும். நம் சனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று யார் சொன்னது? காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் பிரகலாதன் கதையை நாடகமாக எழுதினார். (அந்த ஊர் இருக்கும் தூத்துக்குடி, எங்கள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1986இல்தான். அதனால் சுவாமிகளை எங்கள் ஜில்லாக்காரர் என்று சொந்தம் கொண்டாட எங்களுக்கு உரிமை உண்டு.) இரணியன் பெற்ற பிள்ளைக்கு விஷம் கொடுக்கிறான், மலையிலிருந்து உருட்டிவிடுகிறான். தூணைப் பிளந்துகொண்டு நரசிங்கம் வரும்வரை அவன் மனம் இளகுவதில்லை. விடிய விடிய உட்கார்ந்து பார்த்த கூட்டம், இரணியன் ஏன் கடைசியில் அழவில்லை என்று சண்டைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

திருந்துகிற அப்பா பிற்பாடு வந்தவர். கோயில் கொடையில் ஊர் இளைஞர்கள் போடும் சமூக நாடகங்களில் அவர் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். மூன்று மணி நேரம் குடித்துவிட்டு மனைவியை அடிப்பார், கடைசி ஐந்து நிமிடம் அவள் படத்தின் முன்னால் விழுந்து புரளுவார். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே அப்பா வேடத்துக்கு அடிதடி நடக்கும். ஆர்மோனியம் அழ, விசில் பறக்க, அடிபட்டவளை எல்லோரும் மறந்துவிடுவோம். கட்டுரையாளர் கேட்பது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

டிராய் கெட்டவர் என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது. 1957ஆம் ஆண்டின் பிட்ஸ்பர்க் நகரில் குப்பை அள்ளுகிறவர். வெள்ளிக்கிழமை தோறும் சம்பளத்தை அப்படியே மனைவியின் கையில் கொடுக்கிறவர். நல்ல குடும்பத் தலைவன் என்று பேரெடுக்க எங்கள் ஊரில் இது ஒன்றே போதும். குப்பை வண்டியில் கறுப்பர்கள் அள்ளத்தான் வேண்டுமா, ஓட்டக் கூடாதா என்று மேலதிகாரியிடம் கேட்டு, ஓட்டுநர் வேலையை வாங்கிவிடும் துணிச்சலும் உண்டு. இளமையில் பேஸ்பால் ஆட்டத்தில் சூரர். ஆனால் அது கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட லீக். 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரருக்குப் பெரிய லீக்கின் கதவு திறந்தபோது டிராய்க்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலை ஆறவிடாமல் வைத்திருந்து, அமெரிக்கக் கால்பந்தாட்டத்தால் கல்லூரிக்குப் போகவிருந்த மகன் கோரியின் வாய்ப்பைக் கெடுக்கிறார். உன்னை அவர்கள் ஆடவிட மாட்டார்கள் என்று அவர் சொல்வதில் பாதி அனுபவம், பாதி பொறாமை. எது எவ்வளவு என்று வில்சன் பிரித்துக் கொடுப்பதில்லை. டிராய்க்கே அது தெரிந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்னை ஏன் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று மகன் கேட்கும்போது, சோறு போடுவது என் கடமை, பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்கிற பொருளில் அவர் கத்துகிறார். இந்தப் பதிலைத் திண்ணைகளில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

இவ்வளவும் கட்டுரையில் ஓரளவு இருக்கிறது. இல்லாதது ரோஸ். டிராயின் மனைவியான அவருக்குக் கட்டுரையாளர் இரண்டு வரி கொடுத்திருக்கிறார், அதில் ஒன்று "பொறுமைசாலி" என்ற பாராட்டு. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தனக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு, அவள் பிள்ளை பெறப் போகிறாள் என்று டிராய் சொல்லும்போது, ஒரே இடத்தில் பதினெட்டு வருடம் நின்று சலித்துப்போனதாகத் தன் பக்கத்தை நியாயப்படுத்துகிறார். அதே இடத்தில்தானே நானும் பதினெட்டு வருடம் நின்றேன் என்று ரோஸ் திருப்பிக் கேட்கிறார். பிரசவத்தில் அந்தப் பெண் இறந்துபோக, பச்சைக் குழந்தையோடு டிராய் வாசலில் வந்து நிற்கிறார். தகப்பன் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்யும் என்று ரோஸ் குழந்தையை வாங்கிக்கொள்கிறார். இந்த நிமிடம் முதல் இந்தக் குழந்தைக்குத் தாய் உண்டு, உனக்குத்தான் பெண்டாட்டி இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். டிராய்க்கான தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அதே வீட்டில் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டு, தனியாக இருந்து அவர் சாகிறார். இதற்கு மேல் ஒரு தண்டனைக் காட்சியோ மன்னிப்புக் காட்சியோ எதற்கு?

கடைசிக் காட்சி 1965இல் நடக்கிறது. அப்பாவோடு கைகலந்து வீட்டை விட்டுப் போன கோரி, ராணுவ உடையில் திரும்பி வருகிறான். சாவுச் சடங்குக்கு வரமாட்டேன் என்கிறான். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு உரை தேவையில்லை. அப்பனோடு முட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறி, தாராவியில் பிழைத்து, சாவுச் செய்தி கேட்டு வந்தும் நீர்மாலை எடுக்க மாட்டேன், கொள்ளி வைக்க மாட்டேன் என்று வேப்பமரத்தடியில் முறைத்துக்கொண்டு நிற்கிற மகனை எங்கள் பக்கத்தில் பார்க்காத தெரு உண்டா? அவனிடம் போய்ப் பேசி அழைத்து வருகிறவர் அம்மாவோ அத்தையோதான். ரோஸும் அதைத்தான் செய்கிறார். அப்பாவின் தவறுகளை மறைக்காமல், தன்னுடைய தவறையும் சேர்த்துச் சொல்லி அவர் பேசுகிறார். பிறகு கோரியும், அந்தக் குழந்தை வளர்ந்து நிற்கிற ரேனெலும், அப்பா பாடித் திரிந்த நாய்ப் பாட்டைச் சேர்ந்து பாடுகிறார்கள். கட்டுரையாளர் கேட்கும் மன்னிப்புக் கடிதம் இந்த இடத்தில் வந்து விழுந்தால் பாட்டைக் கேட்க யாருக்கும் மனம் இருக்காது.

இதைத் தமிழில் போட யாராவது முன்வந்தால், புதுக் காட்சி எழுதும் நேரத்தை ரோஸ் வேடத்துக்கு நல்ல நடிகை தேடுவதில் செலவிடட்டும். நாடகம் நீளம் என்று குழந்தையை வாங்கிக்கொள்ளும் காட்சியில் கத்தரி வைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் போட்டால் பஸ் ஏறி வந்து பார்க்க நான் தயார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வீரவநல்லூர்.