அத்தைக்கு, வெள்ளிக்கிழமைக்கு முன்

அத்தை,

வெள்ளிக்கிழமை காலை கோயம்புத்தூர் கிளம்புகிறோம். ஏன், எதற்கு என்று மறுபடி தொடங்கவில்லை. அண்ணிதான் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார். வேறு நாலு பேரும் படிப்பார்கள். அதனால் கோயிலில் நடந்ததை எழுதப் போவதில்லை.

குன்னூர் ஸ்டேஷனைத்தான் எழுத வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த நீராவி என்ஜினைக் கழற்றி, ஊட்டிக்கு டீசல் என்ஜின் மாட்டுகிற நேரம். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று என் பையன் ஸ்டேஷன்களை வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தான். விசில் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்தினான். சுற்றுலா வந்தவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். நான் அவனை அடித்தேன். நீங்கள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, சால்வையை அவன் தலையோடு சுற்றி, மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். கத்தல் அடங்கியது. சில பிள்ளைகளுக்குச் சத்தம் வலியாகவே இறங்கும், இறுக்கிப் பிடித்தால் ஆறுதல் என்று தெரபி டீச்சர் எனக்குச் சொன்னது இரண்டு வருஷம் கழித்து. உங்களுக்கு யார் சொன்னது?

அடித்தது தப்பு. மூன்று ராத்திரி தூக்கமில்லை, அத்தனை பேர் பார்த்தார்கள்... இல்லை, தப்புதான்.

வீட்டுக்கு வந்து நீங்கள் சொன்னது மட்டும் சரியா? "போனைக் கையில குடுத்து நீதான் கெடுத்துட்ட." 1943இல் லியோ கானர் என்ற டாக்டர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு, பெரிய டாக்டர்களே பல வருஷம் பாசமில்லாத தாய்தான் காரணம் என்றார்கள். அப்புறம் அவர்களே கைவிட்டார்கள். நீங்கள் இன்னும் விடவில்லை. (அண்ணி, இந்த வரியைத் தாண்டிவிடுங்கள். வேண்டாம், படியுங்கள்.)

இங்கே பள்ளியில் "மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்றார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்று அச்செடுத்துக்கொண்டு போனேன். சேர்த்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார வைத்ததோடு சரி. கோயம்புத்தூரில் வாரம் இரண்டு நாள் தெரபி. பர்லியாறு வளைவுகளில் அவன் வாந்தி எடுக்காத நாளில்லை. ஆனால் அங்கே போனதில்தான் பட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கப் பழகினான்.

பசிக்கு மட்டும் அட்டையைத் தொடுவதில்லை. உங்கள் குரலில், உங்கள் இழுப்போடு, "சாப்பிட்டியா கண்ணு" என்று என்னைப் பார்த்துச் சொல்வான். கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் பேச்சுதான், தடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் மூன்று வேளை கேட்கிறேன், நீங்கள் என்னிடம் பேசாத இந்த மூன்று வாரமும்.

நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்புச் சால்வை என் பெட்டியில் இருக்கிறது. தரமாட்டேன்.