தபேலா போன பிறகு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு.

தபேலா வாசித்தவன் துபாய் போனதோடு சனிக்கிழமை வாசிப்பை நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருந்தாய். தாளம் இல்லாமல் மூன்று பேர் உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அது என்னை விடவே இல்லை. இரண்டு மாதமாக இரவுகளில் நான் கேட்டுவரும் ஒரு குழுவைப் பற்றி அதனால்தான் எழுதுகிறேன்.

நார்வேக்காரர்கள், பெயர் சூப்பர்சைலண்ட். ட்ரம்பெட்டில் ஆர்வே ஹென்ரிக்சன், கீபோர்டில் ஸ்டோலே ஸ்டோர்லொக்கன், டிரம்ஸில் யார்லே வெஸ்பெஸ்தாத். இந்த மூவரும் ஏற்கெனவே ஒன்றாக ஜாஸ் வாசித்தவர்கள். 1997இல் பெர்கன் நகரத்து நாட்ஜாஸ் விழாவில் ஹெல்கே ஸ்டேன் இவர்களோடு சேர்ந்தார். எதிரொலி எழுப்பும் பழைய டேப் எக்கோ பெட்டி, ஒலியைப் பதிந்து திரும்ப வாசிக்கும் சாம்ப்ளர், தானே செய்துகொண்ட மின்கருவிகள், இவைதான் அவருடைய வாத்தியம். அதற்கு 'ஆடியோ வைரஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டே மூன்று சிடியாக முதல் ஆல்பம் வந்தது.

ஒத்திகை கிடையாது. என்ன வாசிக்கப்போகிறோம் என்று பேசிக்கொள்வதும் கிடையாது. பாட்டுக்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண்தான்: ஓர் ஆல்பத்தின் பெயர் '6', அதில் முதல் பாட்டு '6.1'. மேடையில் அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பதை நாம் மனோதர்மம் என்கிறோமே, அதில் ராகம் என்று ஒரு வீடாவது இருக்கிறது; எங்கே சுற்றினாலும் ஸட்ஜத்துக்குத் திரும்பலாம். இவர்களுக்கு அதுவும் இல்லை. அடுத்தவர் விடும் மூச்சைக் கேட்டுத்தான் அடுத்த அடி. 2003இல் வந்த அந்த '6'ஐ விளக்கை அணைத்துவிட்டுக் கேள்.

புல்லாங்குழல்காரனான உனக்கு ஹென்ரிக்சனைக் கண்டிப்பாகப் பிடிக்கும். ஷாகுஹாச்சி என்கிற ஜப்பானிய மூங்கில் குழலின் கேசட் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. அதில் மயங்கி, பித்தளை ட்ரம்பெட்டை மூங்கில் மாதிரி ஊதப் பழகியிருக்கிறார். காற்று முதலில் வருகிறது, ஸ்வரம் பின்னால் வருகிறது.

அப்புறம் 2009இல் வெஸ்பெஸ்தாத் விலகினார். வேறு ஆளைத் தேடாமல் மூன்று பேராகவே தொடர்ந்தார்கள். அந்த ஆண்டு வந்த '9'இல் மூவரும் ஆளுக்கொரு ஹாமண்ட் ஆர்கன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். டிரம்ஸ் போனது போகட்டும், ட்ரம்பெட்டும் இல்லை! முதல் தடவை எனக்குப் பிடிக்கவே இல்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். மூன்றாம் தடவைதான் காதில் விழுந்தது. தம்புரா சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்தி ஏறக்குறைய ஒன்றாகி, ஆனால் முழுக்கச் சேராமல் நிற்கும்போது 'வ்வ்வம் வ்வ்வம்' என்று ஓர் அலை எழும்பும், ஞாபகம் இருக்கிறதா? சுருதி நெருங்க நெருங்க அலை மெதுவாகும், விலகினால் வேகமாகும். அந்த மாதிரி அலைதான் எனக்கு அங்கே கேட்டது. தாளம் தட்ட ஆளில்லை, ஆனால் துடிப்பு இருக்கிறது, சுருதிக்குள்ளேயே.

எல்லாமே அப்படி இனிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். அதையும் தாண்டிக் கேட்டால்தான் பின்னால் வரும் அமைதி அமைதியாகத் தெரிகிறது. மூவராகவே '12', '14' வரை வந்துவிட்டார்கள். லெட் செப்பலின் ராக் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ்கூட இவர்களோடு மேடையேறியிருக்கிறார்.

மாசக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடாதே. புதுத் தபேலாக்காரனையும் அதுவரை தேடாதே. உன்னுடையது ஒன்று, வயலின்காரருடையது ஒன்று, சுருதிப்பெட்டி இரண்டையும் எடுத்து வை. ஒன்றை மட்டும் ஒரு மயிரிழை இறக்கி வைத்திரு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
பழைய கீபோர்டுக்காரன்