பீடிக்கடை அண்ணாச்சிமாருக்கும் கம்பெனி முதலாளிமாருக்கும்: இலையை முழுசாகத் தாருங்கள்

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்து ஊரில் இருந்து எழுதுகிறேன். என் அம்மா முப்பது வருஷமாக பீடி சுற்றுகிறார். பீடி சுற்ற நீங்கள் தருகிற இலை எண்ணிக்கைக்குப் போதவில்லை, குறைகிறதை நாங்கள்தான் நிரப்பித் தர வேண்டியிருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. போன சனிக்கிழமை, இலை குறைகிறதே என்று அம்மா கடையில் கேட்டதற்கு, "கொரோனாவில் விழுந்த அடியில் இருந்தே இன்னும் எழுந்திருக்கல, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

1,000 பீடிக்கென்று தரும் இலையில் 850 தேறினால் பெரிசு. ராத்திரி பத்து மணிக்கு, நனைத்து வைத்த இலையை ஈரச் சாக்கில் இருந்து எடுத்து, இலை வெட்டுகிற அளவுத் தகட்டை வைத்து, ஓட்டை விழுந்த இடத்தைத் தள்ளி, நரம்போரத்தில் இன்னொரு துண்டு கிடைக்காதா என்று அம்மா திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கிடைக்காது. விடிந்ததும் சொந்தக் காசில் வெளியே இலை வாங்கி எண்ணிக்கையை நிரப்புவார். அப்படியென்றால் உங்கள் நஷ்டத்தை அடைப்பது யார், அண்ணாச்சி?

உங்களுக்கு நஷ்டமே வரவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் எங்களுக்கு இலையும் வரவில்லை, புகையிலைத் தூளும் வரவில்லை. பீடி சுற்றுகிற சுளகு சுவரிலேயே தொங்கியது. அன்றைக்கு அடகுக்குப் போன அம்மாவின் கம்மலை இன்னும் மீட்க முடியவில்லை.

கொள்ளைநோய் ஓய்ந்ததும் கூலிக்காரர் வயிற்றில் கைவைப்பது பழைய வழக்கம்தான். 1348இல் இங்கிலாந்துக்குள் பிளேக் புகுந்து மூன்றில் ஒரு பங்கு ஜனங்களாவது செத்தார்கள். அறுப்புக்கு ஆள் இல்லை, கூலி ஏறியது. நிலக்காரர்கள் விட்டார்களா? 1351இல் சட்டமே போட்டு, நோய்க்கு முந்தின கூலிதான், கூடக் கேட்டால் தண்டனை என்றார்கள். அந்த ஆத்திரத்தோடு தலைவரியும் சேர, 1381இல் ஜனங்கள் லண்டனுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். நம் நாட்டில் 1918 விஷக்காய்ச்சல் ஒரு கோடிக்கு மேல் உயிரைக் கொண்டுபோனது, 1921 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 1911ஐ விடக் குறைந்தே போனது. காய்ச்சல் வந்த அந்த 1918இலேயே மழையும் பொய்த்து தானிய விலை ஏறியபோது, அரை வயிறாகக் கிடந்தது அன்றாடக் கூலிக்குப் போனவர்கள்தான்.

இலை மட்டுமா? கழிவு என்று நீங்கள் ஒதுக்குகிற பீடிக் கட்டுக்குக் காசு கிடையாது, கேட்டால் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்கிறீர்கள். இருமலும் இடுப்புவலியும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. சரி, அதெல்லாம் பேசினால் நீளும்.

நாங்கள் இப்போது கேட்பது ஒன்றுதான், தயவுசெய்து 1,000 பீடிக்கு ஆகிற இலையை முழுசாகத் தாருங்கள். வருகிற சனிக்கிழமையும் அம்மா கடைக்கு வருவார். அவர் கண்முன்னால் தராசில் நிறுத்துப் போடுங்கள், அண்ணாச்சி.