சேர்வராயன் உச்சியில் பருந்துகளை எண்ணுவோம்: சேலம் வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

சேலம் வனக்கோட்ட அலுவலர்களுக்கு வணக்கம்.

நான் சேலத்தில் பள்ளி ஆசிரியர். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விடுமுறை கிடைத்தால் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏற்காடு ஏறி, சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்குப் போய்விடுவேன். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே திறந்தவெளியில் வடக்கே பார்த்து உட்கார்ந்துகொள்வேன். குளிருக்குத் தப்பித் தெற்கே வரும் பருந்து, கழுகு, வல்லூறுகளை எண்ணத்தான். இந்த வேலையைத் துறையே ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி வரை அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. காப்பித் தோட்டங்கள் மேல் பனிமூட்டம் படுத்துக் கிடக்கும். பாறையில் வெயில் ஏறியதும் காற்று சூடாகி மேலே கிளம்பும். அதற்காகவே காத்திருந்த மாதிரி எங்கிருந்தோ ஒரு பறவை வந்து அதற்குள் நுழையும். சிறகை அசைக்காமலே வட்டமடித்து ஏறும். புள்ளியாகும் உயரத்துக்குப் போனதும் சிறகை லேசாக மடித்துக்கொண்டு தெற்கே சறுக்கும், அடுத்த சூடான காற்று கிடைக்கிற இடம் வரை. பெரிய கழுகுகள் நெடுந்தூரத்தை இப்படித்தான் கடக்கின்றன. ஓயாமல் சிறகடித்து வந்தால் உடம்பில் சேர்த்த கொழுப்பு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். பூனைப்பருந்து வேறு வகை. சிறகுகளை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி தாழ்வாகவே போகும். கஜகஸ்தான் புல்வெளியில் குஞ்சு பொரித்துவிட்டு, நம் மானாவாரிக் காட்டு வெட்டுக்கிளிகளைத் தின்ன வருகிற பறவை அது.

நல்ல மழை விட்ட மறுநாள் காலைதான் எனக்குப் பிடித்தது. மழைக்கு எங்கோ ஒதுங்கியிருந்தவை ஒன்றாகக் கிளம்பி வரும். அப்படி ஒரு காலையில், கோயிலுக்கு வந்த ஒரு அம்மா "என்ன சார் பாக்கறீங்க?" என்று நின்றார். பைனாகுலரைக் கொடுத்தேன். "இத்தனை பிராந்தா!" என்றவர், கூட வந்தவர்கள் கூப்பிட்டும் அரைமணி நேரம் நகரவில்லை.

எண்ணுவது சுலபமில்லை. உள்ளூர்க் கரும்பருந்தும் அதே காற்றில்தான் சுற்றும். சுற்றும்போது எண்ணினால் ஒன்றையே மூன்று முறை எண்ணிவிடுவோம். வட்டத்தை விட்டு வரிசையாகத் தெற்கே கிளம்பும்போதுதான் எண்ண வேண்டும். திரும்பி வந்தால் கழித்துவிட வேண்டும். ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்க்க, இன்னொருவர் மணிவாரியாக எழுத வேண்டும். காற்றின் திசை, மேகம் எல்லாம் கூடவே. இனம் பிடிபடாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுத வேண்டும். தனி ஆளாக என்னால் இதில் பாதிதான் முடிகிறது. நோட்டில் எழுதக் குனிந்த நேரத்தில் தலைக்கு மேலே போனவை எத்தனையோ!

துறை ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. நானும் ஏரிக்கரையில் நின்று எண்ணியிருக்கிறேன்; நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஆண்டின் தொடக்க மாதங்களில் நடப்பது. இங்கே வந்து தங்கியவற்றை அது காட்டும். ஐப்பசியில் நம் தலைக்கு மேல் கடந்து போய்விட்டவை அதில் எப்படி வரும்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்றொரு மலை. இலையுதிர் காலத்தில் அதைக் கடக்கும் பருந்துகளை ஆட்கள் திரண்டு வந்து சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் புரூன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். காவலோடு நிற்காமல் புரூன் போகிற பறவைகளை எண்ணவும் செய்தார். 1935 முதல் 1939 வரை அங்கே கண்ட வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளங்கழுகுகள். 1955 முதல் 1959 வரை அது 20 ஆகிவிட்டது. வளர்ந்த கழுகுகள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன, இளங்கழுகுகள்தான் குறைந்துவிட்டன. டிடிடி பூச்சிமருந்து பறவைகளுக்கும் செய்யும் கேட்டை ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1962-இல் எழுதியபோது இந்தக் கணக்கையும் சான்றாக வைத்தார். பத்து ஆண்டு கழித்து, 1972-இல் அந்த நாடு அதற்குத் தடை போட்டது. இடையில் நான்கைந்து ஆண்டு மட்டும் எண்ணிவிட்டு விட்டிருந்தால் அந்த இறக்கம் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் ஓராண்டு முகாமாக இதை நடத்த வேண்டாம் என்கிறேன்.

செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, காலை 8 முதல் மாலை 4 வரை, எப்போதும் அதே உச்சியில் இரண்டு பேர். இவ்வளவுதான் தேவை. அவர்கள் மலைக்கிராமத்து இளைஞர்களாக இருக்கட்டும். பயிற்சியும் தினக்கூலியும் கொடுங்கள். நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தில் 2012-இல் அமூர் வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் வலைபோட்டுப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த ஊர்க்காரர்கள் வலையை விட்டுவிட்டு அவற்றுக்குக் காவல் நின்றார்கள். நம் மலைப் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை வேண்டும்.

அன்றன்றைய கணக்கைக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கரும்பலகையில் எழுதி வையுங்கள். அப்புறம், தயவுசெய்து கோபுரம், கட்டடம் என்று எதுவும் கட்டிவிடாதீர்கள். அந்த வெட்டவெளி அப்படியே இருந்தால் போதும். வெயிலுக்கு ஆளுக்கொரு தொப்பி போதும்.

வரும் புரட்டாசியிலேயே தொடங்குவதானால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வருகிறேன். எனக்குக் கூலி வேண்டாம். என்னிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது, ஒன்று உங்கள் ஆட்களுக்கு.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்