எந்தத் தாத்தா எழுந்து வருவார்?

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்தால் பிரசங்கமே ஆரம்பித்துவிடுவார் என்று பேச்சை மாற்றிவிட்டேன். "உயிர்த்தெழுதல் என்கிறீர்களே, எந்தத் தாத்தா எழுந்து வருவார்? ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தாவா, கடைசியில் மறதி வந்து என்னைப் பார்த்து 'நீ யார் வீட்டுப் பொண்ணு' என்று கேட்ட தாத்தாவா?" நல்ல கேள்வி கண்ணு. நம் சபையில் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் பழைய கேள்விதான். ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகஸ்டின் என்ற திருச்சபை அறிஞர் இதைப் போட்டு அலசியிருக்கிறார். குழந்தையாய் இறந்தவர்களும் கிழவர்களாய் இறந்தவர்களும் கிறிஸ்துவின் வயதை ஒட்டி, முப்பது வயதுப் பருவத்தில் எழுவார்கள் என்பது அவர் யூகம். எனக்கு அதில் திருப்தி இல்லை. அப்பாவை முப்பது வயதில் பார்த்த ஞாபகம் எனக்கே கிடையாது. அப்படி வந்து நின்றால் யாரோ என்று கதவைச் சாத்திவிடுவேன்!

யூகத்தை விட்டுவிட்டு, எழுந்து வந்த இயேசுவைப் பார்ப்போம். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். "மரியாளே" என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. சீஷர்கள் ஆவி என்று பயந்தபோது பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிட்டார். காசிமேட்டு மீன் இல்லாமல் தாத்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இறங்காது, லூக்கா சுவிசேஷத்தில் அவருக்குப் பிடித்த இடமும் அதுதான். அப்புறம் தோமா. காயத்தில் விரலை இட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். பரங்கிமலையில் கொல்லப்பட்டு சாந்தோமில் அடக்கமானார் என்று நம் ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்களே, அவரேதான். அவருக்கு இயேசு காட்டியது ஆணித் தழும்புள்ள கைகளை. சாவை ஜெயித்த உடம்பிலும் அந்தத் தழும்பு போகவில்லை.

தாத்தா கையை நினைத்துப் பார். ஷெல் டிவிஷனில் ரயில் பெட்டிக் கூட்டுக்கு வெல்டிங் வைத்த கை. கையுறை முடிகிற இடத்துக்கு மேலே, பொறி பட்டுப் பட்டு வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். சின்ன வயதில் நீ அதையெல்லாம் எண்ணுவாய், அவர் அசையாமல் காட்டிக்கொண்டிருப்பார். அந்தப் புள்ளிகள் இருக்கும் என்றே நினைக்கிறேன். நமக்குச் சோறு போட்டு வந்த தழும்புகள் அவை. மறதி அப்படி இல்லை. அது அவர் யாருக்கும் கொடுத்து வந்ததில்லை, அவரிடமிருந்து பிடுங்கியது. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறார் பவுல். அந்தச் சத்துருவுக்கு முன்னால் வந்த ஆள்தான் இந்த வியாதி. அது போய்விடும். இதற்கு நேரடியாக ஒரு வசனம் காட்டு என்றால் என்னிடம் இல்லை, என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

சத்துரு என்று வேதமே சொல்லும்போது, அடக்க ஆராதனையில் ஆளாளுக்கு வந்து "அழக்கூடாது, நல்ல இடத்துக்குப் போய்விட்டார்" என்றது எனக்குப் பிடிக்கவில்லை. எழுப்பத்தான் போகிறோம் என்று தெரிந்தும் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு அழுதாரே.

கீழ்ப்பாக்கம் கல்லறையில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பாட்டி குழியைத்தான் திறந்தார்கள். குழி வெட்டுகிறவர் பாட்டியின் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் கட்டி ஓரமாய் வைத்தார். வீடியோவில் அதைப் பார்த்து நீ பயந்தாயாம், தம்பி சொன்னான். எனக்கு என்னவோ அப்போதுதான் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் சொல்கிற வரி உறைத்தது. ஆத்துமா மட்டும் போதுமென்றால் அந்த மனிதர் ஏன் அவ்வளவு பதனமாய்ப் பொறுக்க வேண்டும்?

எல்லா மனிதரும் ஒருநாள் இரட்சிக்கப்பட்டுச் சீராவார்களா என்றும் கேட்டாய். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி என்ற ஆயர் அப்படித்தான் நம்பினார். திருச்சபை மொத்தமாக அதை ஏற்கவில்லை. மாமாவிடம் கேட்டால் சண்டைதான். நான் ஆசைப்படுகிறேன், ஜெபத்திலும் கேட்கிறேன், அவ்வளவுதான்.

சரி, தாத்தாவின் கல்லறைக் கல்லுக்கு வருகிறேன். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று எல்லாக் கல்லிலும் இருக்கிறது, அதையே போடலாம் என்கிறார் மாமா. சிலுவையில் அந்தக் கள்ளன் கேட்டானே, "அடியேனை நினைத்தருளும்", அதைப் போடலாம் என்பது என் எண்ணம். தாத்தா கடைசியில் தன் பெயரையே மறந்துவிட்டார். அவரை நினைவில் வைத்திருக்கிற வேலை இனி முழுக்க ஆண்டவருடையது. கள்ளன் சொன்னதைப் போய்த் தாத்தா கல்லிலா என்று மாமா முகம் சுளிக்கிறார். உன் ஓட்டு யாருக்கு? வெள்ளிக்கிழமை கல் வெட்டுகிறவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குள் சொல்லு. பெயருக்குக் கீழே ஐ.சி.எஃப். என்றும் போட வேண்டுமாம் தம்பிக்கு. அதற்குத் தனிக் காசு.

அன்புடன்,
அம்மா